பன்னிரண்டரை வரை

பள்ளிச் சுவரில் புதிதாக ஒரு தாள்:
முதல் நான்கு மணி நேரம் ஆங்கிலம் மட்டும்.
எட்டரைக்கு மணி அடித்தால்
பன்னிரண்டரைக்குத்தான் வார்ல்பிரி.

ஒட்டியவர் டார்வினிலிருந்து சின்ன விமானத்தில் வந்தார்.
அன்றே திரும்பிவிட்டார்.
அவர் காலணியோடு கொஞ்சம் செம்மண் போனது.

வகுப்புக்குள் வந்து படுக்கும் நாய்களுக்கு
இன்னும் யாரும் தகவல் சொல்லவில்லை.
காலை ஒன்பதுக்கும் அவை
வார்ல்பிரியில் விரட்டினால்தான் எழுந்து போகின்றன.

மார்லீன் நுங்கராயி, உதவி ஆசிரியை,
பதினோரு வருடம் காலைப் பாடம் சொன்ன வாய்.
இப்போது பென்சில் சீவுகிறாள்.
டப்பா நிறைந்துவிட்டது.
சீவியதையே சீவுகிறாள்.

ஹோல்ரூய்ட் டீச்சர் கெட்டவள் இல்லை.
அடிலெய்டிலிருந்து வந்து ஏழு வாரம்.
தண்ணீரை ஙப்பா என்று சொல்லப் பழகிக்கொண்டிருந்தாள்.
நம் அரிச்சுவடியில்
பெரும்பாலும் வேலையின்றி நிற்கிற ங
அங்கே சொல்லுக்கே தலை.
அவள் நாக்கு அதன் வாசற்படியில் இடறும்,
பிள்ளைகள் சிரிப்பார்கள்,
மறுபடி சொல்வாள், மறுபடி இடறுவாள்.
தாள் வந்தபின்
அந்தச் சிரிப்பையும் மதியத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை ஒன்பதே முக்கால்.
ஜெரெத் ஜங்கலாவுக்குக் காது குடைந்தது.
அதற்கு அவனிடம் ஒரு சொல் இருந்தது,
இரண்டே முக்கால் மணி நேரம் முன்னதாக.
பொத்திக்கொண்டு உட்கார்ந்தான்.

டீச்சர் படம் காட்டினாள்:
இது என்ன?
நகரும் படிக்கட்டு. ஊரிலிருந்து எண்ணூறு மைல்.
கேட்காத காதோடு அவன் சுவரைப் பார்த்தான்.
'பதில் இல்லை' என்ற கட்டத்தில்
அவள் ஒரு டிக் போட்டாள்.

மார்லீன் கடிகாரத்தைப் பார்த்தாள்.
கத்தி போலக் கூராயிருந்தது கையில் பென்சில்.

அப்போதுதான் நாற்காலி இழுபடும் சத்தம்.
கெலிஷா நம்பிஜின்பா, அவன் அக்கா, எட்டு வயது.
ஏறினாள்.
பெரிய முள்ளை விரலால் தள்ளினாள்:
பத்து,
பதினொன்று,
பன்னிரண்டு,
இன்னும் அரைச் சுற்று.
இறங்கிச் சட்டையைத் தட்டிவிட்டு
மார்லீனிடம் மூச்சு விடாமல்
எல்லாவற்றையும் சொன்னாள்.
நேற்றிரவு அவன் தூங்காதது,
தலையணையில் மஞ்சள் ஈரம்,
எல்லாம்.

மார்லீன் பென்சிலைக் கீழே வைத்தாள்.
அவளும் வார்ல்பிரியில்தான் கேட்டாள்,
எந்தக் காது?

கிளினிக்குக்கு டீச்சர்தான் தூக்கிப் போனாள்.
அவன் தலை அவள் தோளில்
சீழ் படியச் சாய்ந்திருந்தது.
வழியெல்லாம் என்னவோ முணுமுணுத்தான்.
அவளுக்கு ஒரு சொல்தான் பிடிபட்டது.
நின்று, பையிலிருந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

கடிகாரத்தை அன்று யாரும் திருத்தவில்லை.
பிள்ளைகள் வீட்டுக்குப் போகும்போது
அது ஐந்தேகாலைக் காட்டிக்கொண்டிருந்தது.

பதிவேட்டில் ஒரு கேள்வி:
தாய்மொழி பயன்படுத்தப்பட்ட நேரம்?
ஹோல்ரூய்ட் டீச்சர் வெகுநேரம் யோசித்தாள்.
பின்பு கூரான ஒரு பென்சிலை எடுத்து
பன்னிரண்டு முப்பத்தொன்று என்று எழுதினாள்.

'பதில் இல்லை'யை அழிக்கப் பார்த்தாள்.
அது பேனாவில் போட்ட டிக்.