மூட்டைக்கு நாற்பது

தை பிறந்து பதினொன்றாம் நாள்
கோரையாற்றுக் கரையில் எங்கள் கொள்முதல் நிலையத்துக்கு
ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள் நஸ்ரின், கூத்தாநல்லூர்க்காரி.
எறும்பு தேட அனுமதி வேண்டுமாம்.
நான் பருவகாலப் பட்டியல் எழுத்தர்.
நெல்லைத் தவிர எதற்கும் ரசீது போட்டதில்லை.
தேடிக்கொள்ளுங்கள் என்றேன்.
கையெழுத்து கேட்டாள். போட்டேன்.

மூன்று நாள் வரப்பில் குந்தியிருந்தாள்,
சிந்திய நெல்லுக்கு வரும் சிற்றெறும்புகளின் பின்னால்.
புதையலா பாப்பா என்றார் சுமை தூக்கும் பக்கிரி.
நாலாம் நாள் கத்தினாள்.
பாம்பென்று ஓடினோம்.

வெள்ளைத் தட்டில் ஒரு கரண்டி மண்.
மண்ணில் புற்றின் ராணி.
ராணியின் முதுகில்
எள்ளளவில் ஒட்டிக்கொண்டு இன்னொன்று.

லென்ஸை என் கண்ணில் வைத்தாள்.
"இதுவும் ராணிதான் சார், வேற இனம்.
வேலைக்காரிங்க கிடையாது, ஒண்ணுகூட.
பெத்தா ராணி, இல்லாட்டி ஆண்.
தாடையைப் பாருங்க, ஒரு நொய்யைக் கடிக்காது.
புத்துக்காரிங்கதான் வாய்க்கு வாய் ஊட்டணும்."

ஊட்டுதா?

"தன் புள்ளைக்கு முந்தி ஊட்டும்.
உரசி உரசி அவங்க வாசனையைப் பூசிக்கிச்சு.
இருட்டுல வாசனைதானே முகம்."

எத்தனை வருடமாகத் தேடுகிறாய் என்றேன்.
ஐந்து என்றாள்.
என் கையெழுத்து செல்லாதாம்,
மேலே இருந்து கடிதம் வர வேண்டுமாம்.
எடுத்ததை எடுத்த இடத்திலேயே வைத்து மூடி
சிவப்பு ரிப்பன் கட்டிய குச்சி ஒன்றை நட்டுப் போனாள்.

எனக்குப் பின்னால் காத்தாயியின் நாற்பத்தாறு மூட்டை.
குத்தகை நிலம், சன்ன ரகம்.
ஆறு நாளாகத் தார்ப்பாய்க்கு அடியில் அவளும் நெல்லும்.
ஈரப்பதம் பதினேழைத் தாண்டினால் திருப்பி அனுப்பலாம்.
தாண்டாமலும் அனுப்பலாம்,
கருவியை எங்கே குத்துகிறோம் என்பதில் இருக்கிறது.
மூட்டைக்கு நாற்பது.
தராசுக்கு, லாரிக்கு, பெயர் சொல்லக் கூடாத நாற்காலிக்கு.
பிரிந்து வரும்போது எனக்கு ஆறு.

ஒப்பிட்டுப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம்.
அந்த எள்ளுக்குத் தான் செய்வது தெரியாது.
எனக்குக் காலணா சுத்தமாகத் தெரியும்.

அன்றிரவு பருவம் தப்பிய மழை.
பதினொன்றரைக்கு போனில் நஸ்ரின்:
சார், குச்சி, அந்தக் குச்சி.
நிலையத்தில் மீதமிருந்த ஒரே தார்ப்பாயை
வரப்புக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.
ஏன் என்று கேட்டால் பதில் இல்லை.
வாழ்க்கையில் யாரும் என்னிடம்
எதையும் காப்பாற்றச் சொன்னதில்லை.

புற்று எனக்காகக் காத்திருக்கவில்லை.
டார்ச் வெளிச்சத்தில்
வரப்பின் முதுகில் ஊர்வலம்:
வாய்க்கு வாய் முட்டை, புழு, கூடு.
நடுவில் ஒரு வேலைக்காரி
காலை மடக்கிக் கிடந்த அந்தச் சின்ன ராணியைக் கவ்விக்கொண்டு
தண்ணீரின் ஓரத்தில் ஏறினாள்.
சுற்றி நாலைந்து பேர் வழி விட்டார்கள்.
தன் முட்டைகள் சில பின்னால் மிதந்தன.
அவள் திரும்பவில்லை.

நான் தார்ப்பாயைப் பிடித்தபடி நின்றேன், யாருக்கென்று தெரியாமல்.

விடிந்ததும் காத்தாயியின் மூட்டையில் குத்தினோம்.
பத்தொன்பது.
பழைய தார்ப்பாய், இரண்டு கிழிசல்.
அவள் எதுவும் பேசவில்லை.
சுருக்குப் பையிலிருந்து எண்ணி வைத்தாள்,
இந்த முறை மூட்டைக்கு ஐம்பது.
நான்தான் ரசீது எழுதினேன்,
பதினாறு புள்ளி எட்டு என்று.

லாரி வரப் பகலாயிற்று.
தூக்குவாளியைத் திறந்தவள்
மூடியில் பாதி சோற்றைத் தள்ளினாள்.
"மழைல நீயும் முழிச்சுக்கிட்டுதானே கெடந்த,
டார்ச்சைப் பாத்தேன்.
மூட்டையத்தான் பாக்குறியாக்கும்னு இருந்துட்டேன்."

என் சட்டை முழுக்க அவள் நெல்லின் சுணை.
கழுத்தில், காதில், இமை மயிரில்.
கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தால்
அவள் வீட்டு ஆள் என்றே சொல்வார்கள்.

சாப்பிட்டேன்.
குழம்பில் உப்பு குறைவு.