பாலத்தில் கிறுகுதல்

கோட்டைக்குள் கச்சேரி.
எனக்கு மேல்மாடியில் மேசை.
ஏறும்போது ஒன்றுமில்லை.
இறங்கும்போதுதான்
ஒவ்வொரு படியும் என் வலது முழங்காலை மறித்து
அடையாள அட்டை கேட்டது.

ஏழு மாதம்.
சித்தாலேப பூசினேன்.
கறுப்பு உறை மாட்டினேன், வியர்வையில் நாறியது.
ஒரு மாதம் ஓடாமல் கிடந்தேன். வலி போயிற்று.
முதல் நாள் ஓடினேன்.
படலையடியில் நின்றதுபோல் கூடவே வந்தது.

"நாப்பது வயசாகுது. தேஞ்சிருக்கும்" என்றார்
பக்கத்து மேசை குணநாயகம்,
பேனை முனையைப் பார்த்தபடி.
எக்ஸ்றேயில்
என் எலும்புகள் ஒரு குற்றமும் அறியாத
வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள்.

ஆஸ்பத்திரியில் பிசியோ பஸ்மிலா,
ஏறாவூர்க்காரி,
முழங்காலைத் தொடுவதற்கு முதல்
நாட்காட்டியைத் தொட்டாள்.

"கார்த்திகை, மார்கழியில எவ்வளவு ஓடின?"
ஓடவில்லை. மழை. ஒழுங்கையில் இடுப்பளவு தண்ணி.
"தையில?"
கல்லடிப் பாலம் தாண்டி, கடற்கரை போய்த் திரும்பி,
பன்னிரண்டு கிலோமீற்றர்.
"முதல் நாளேயா?"
முதல் நாளே.
சொல்லும்போது கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அவள் சிரிக்கவில்லை.
"உன்னிச்சைப் பக்கம் எங்கட வாப்பாக்கு வயல்.
ரெண்டு மாசம் காஞ்ச வாய்க்காலுக்கு
ஒரே நாள்ல குளத்துக் கதவு எல்லாத்தையும் துறந்தா
வரம்பு நிக்குமா?
உடைஞ்சாப் பிறகு வரம்புலதான் பிழை எண்டு
சொல்லுவமா?"

ஒரு சின்னப் பலகை. எதிரே கண்ணாடி.
ஒற்றைக் காலில் நின்று
மற்றக் குதியால் மெதுவாக நிலம் தொடச் சொன்னாள்.
அப்போது கண்டேன்:
என் முழங்கால் உள்ளே சாய்ந்தது,
கூட்டத்தில் தெரிந்த முகத்தைக் கண்டு
அந்தப் பக்கம் நழுவுகிறவன் போல.

"இடுப்பு படுத்துக் கிடக்கு.
முழங்கால் ரெண்டு பேர்ட வேலையும் பாக்குது.
மேல பிழை, கீழ பிழை,
நோவுறது நடுவுல."

மடக்கும்போது உள்ளே நொறுநொறுத்ததே, அது?
"வாவியில மீன் பாடுற எண்டு எல்லாரும் சொல்லுறாங்க,
நான் ஒரு நாளும் கேக்கல்ல.
உங்கட கால் நல்லாக் கேக்குது.
நோவில்லாட்டி விடுங்க, பாடட்டும்."

பிறகு ஒரு கணக்குத் தந்தாள்.
பத்துக்கு மூன்று மட்டும் நொந்தால் ஓடலாம்.
விடியும்போது வலி தன் வீட்டுக்குப் போயிருக்க வேணும்.
தங்கிவிட்டதென்றால் தூரத்தைக் குறை,
ஆனால் படுத்துவிடாதே.

பதினொரு கிழமையாக
அரிசி வாளியை நெஞ்சோடு அணைத்து
குசினிப் படியில் இறங்குகிறேன்,
இறங்குகிறேன், மறுபடி இறங்குகிறேன்.
தொடையெரியும். பிட்டம் எரியும்.
மகன் பார்த்து, "அம்மா, அரிசிய எங்க கொண்டு போறீங்க?"
எங்கும் இல்லையடா.

கொப்பியில் இலக்கங்கள்:
இரண்டு. மூன்று. இரண்டு. ஐந்து.
(ஐந்து, மச்சாளின் கலியாண வீடு,
பந்தியில் குந்தியிருந்து பரிமாறிய நாள்.)
இரண்டு. ஒன்று. மூன்று.
நேராக இறங்கும் கோடு இல்லை இது.

இன்று காலை பாலத்தில் நல்ல காற்று.
பழைய பாலத்து இரும்பு இன்னும் ஈரம்,
கீழே ஒரு தோணி,
வலையைச் சுருட்டிக்கொண்டிருந்த ஆள் நிமிரவில்லை.
நுரையீரல் சொன்னது: கடற்கரை.
கால்களும் சொல்லின: கடற்கரை,
வலதும்கூட, வெட்கமில்லாமல்.

கொப்பியில் எழுதியிருந்தது மூன்றாம் விளக்குக் கம்பம்.

அதைத் தொட்டேன். கிறுகினேன்.
என்னைத் தாண்டி ஓடிய பெடியன் ஒருத்தன்
தோளுக்கு மேலால் பார்த்து,
"என்னக்கா, களைச்சிட்டீங்களா?"

போன தையில் என்றால்
அவனை முந்தியிருப்பேன்.