பக்கம் 612, வரி 9

டொலீடோ கூட்டாட்சி நீதிமன்றம், மூன்றாம் தளம்.
ஜூரி குற்றவாளி என்று சொல்லி எழுபது நாள்.
வழக்கு இன்னும் அடங்கவில்லை.

மறுவிசாரணை கோரும் மனுவில்
என் எழுத்தையே ஆதாரமாக வைத்திருக்கிறார்கள்:
“சாட்சி சிரிக்கிறார்.”
மிரட்டி விற்கப்பட்டவள் சிரிப்பாளா
என்கிறார் வழக்கறிஞர் ஹால்வர்சன்.

நான்தான் தட்டினேன் அதை.
மோட்டல் கதவை வெளியே பூட்டினார்களா என்று கேட்டார்கள்.
இல்லை என்றாள் மார்னி டுப்ரே.
பிறகு தொண்டையிலிருந்து ஒன்று வந்தது.
ஓடுகிற நாய்க்குக் கயிறு தீர்ந்துபோகுமே,
அந்த இடத்தில் வரும் சத்தம்.
என் இயந்திரத்தில் இருபத்திரண்டு விசைகள்.
விரல், பக்கத்தில் கிடந்த சொல்லை எடுத்துக்கொண்டது.

திருத்திச் சொல்ல நான் சாட்சி இல்லை.
கேட்டதை எழுதுபவள்.
கேட்டதாக நினைத்ததை.

இன்று மூன்று குற்றச்சாட்டுகளில் மனு தள்ளுபடி.
நான்காவதற்கு மட்டும் வாதம் கேட்க வேண்டுமாம்.
மார்னி வரவில்லை.
கடைசி வரிசையில் அவள் அக்கா
கையுறையின் மேலேயே தேதியை எழுதிக்கொண்டிருந்தாள்,
பேனா பிடிக்கவில்லை, மறுபடி, மறுபடி.

நானும் தட்டினேன்: மார்ச் பதினொன்று, காலை ஒன்பதரை.
இதில் பிழை இல்லை.