நிற்கும்போது மட்டும்

ஓடினால் ஒரு குறையும் இல்லை.
நாவற்குழிப் பாலத்தில் அறுபதில் போகையில்
எங்கள் எக்ஸ்ட்ரெயில் நல்ல பிள்ளை.
நிறுத்தினால்தான்,
சத்திரச் சந்திச் சிவப்பு விளக்கில்,
ரியூட்டரி வாசலில் மூத்தவனுக்காகக் காத்து நிற்கையில்,
அதற்கு உதறல் எடுக்கும்.
கண்ணாடியில் பின்னால் வரும் பஸ் இரண்டாகத் தெரியும்.
போத்தல் தண்ணீர் வட்டம் வட்டமாய்ச் சுழிக்கும்.
'அதுக்குக் குளிருது' என்றாள் சின்னவள்,
பங்குனி வெயிலில்,
தன் பள்ளிக்கூடத் துவாயை டாஷ்போர்டில் போர்த்திவிட்டு.

கிருபைராசா பிளக் நாலையும் மாற்றினார்.
பிறகு ஒரு கொயில்.
பிறகு த்ரொட்டிலைக் கழற்றிக் கரி கழுவினார்,
கறுப்புத் தண்ணீர் கோண்டாவில் மண்ணில் ஊறியது.
கணினியைச் செருகிப் பார்த்த பெடியன்
'மெஷின் ஒண்டும் சொல்லேல்லை அக்கா' என்றான்,
நான்தான் ஏதோ கூட்டிச் சொல்வதுபோல.
முப்பத்தெட்டாயிரம்.
எண்ணி வாங்கிக்கொண்டு கேட்டார்:
'அண்ணை எப்ப வாறார்? அவரோட ஒருக்காக் கதைப்பம்.'

அண்ணைக்கு வவுனியாவில் வேலை.
சனி இரவு வருவார், ஞாயிறு பின்னேரம் போவார்.
மிச்ச நாளெல்லாம் அந்தப் பெடலில் இருப்பது என் கால்.
அந்தக் காலுக்கு ஒன்று தெரிந்திருந்தது.
பிரேக் முன்னைப்போல் இறங்கவில்லை,
காய்ப் பிடியாய் நின்றது.
அழுத்தி மிதித்தால் உதறலும் கூடியது.
இதை ஒருவரும் கேட்கவில்லை.
நானும், சொன்னால் சிரிப்பார்கள் என்று
கலண்டர்த் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தேன்:
செவ்வாய், ஏசி இல்லை, மிதித்தேன், கூடியது.
வியாழன், ஏசியோடு, மிதித்தேன், கூடியது.

சனி இரவு வாகீசன் பஸ்ஸால் இறங்கி
பையோடு படலைக்குள் நுழைந்தபோது
பொனற்றைத் திறந்தபடி நின்றேன்.
'ஏறி இருந்து ஸ்ராட் பண்ணுங்கோ.'
'சாப்பிட்டிட்டு...'
'மிதியுங்கோ.'
மிதித்தார்.
'விடுங்கோ. மிதியுங்கோ. இன்னும்.'
பன்னிரண்டு வருசத்தில்
ஏன் எதற்கு என்று கேளாமல் அவர் செய்தது
அதுதான் முதலென்று நினைக்கிறேன். பசியாகவும் இருக்கலாம்.

போன் வெளிச்சத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு
குழாய் குழாயாய்த் தடவினேன்.
பக்கத்து வீட்டு நாய் குரைத்து ஓய்ந்த இடைவெளியில்
ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம்,
யாரோ சூடான தேத்தண்ணியை உறிஞ்சுவதுபோல.
எஞ்சினுக்குப் பின்னால்,
பிரேக் பூஸ்டருக்குப் போகிற தடித்த குழாயில்,
கிளிப்புக்குக் கீழே ஒளித்துக்கொண்டு
நகக்கண் அளவில் ஒரு வெடிப்பு.
கட்டைவிரலை வைத்தேன்.
வாகனம் அடங்கிற்று.
எடுத்தேன், உதறிற்று.
வைத்தேன்.
'சுடும், கையை எடும்!' என்று அவர் கத்துவது கேட்டது.
சுட்டதுதான்.
எடுக்க மனம் வரவில்லை.

ஸ்ரான்லி வீதிக் கடைக்காரன்
பெற்றோல் குழாயை வெட்டித் தரப் பார்த்தான்.
'உது வேண்டாம். உறிஞ்சேக்க சப்பளியும்.
வைக்கம் குழாய் தாருங்கோ.'
கிளிப் இரண்டோடு ஆயிரத்து எண்ணூற்றைம்பது.
கிருபைராசா பத்து நிமிடத்தில் பூட்டிவிட்டுக்
காது கொடுத்துக் கேட்டார்.
பொனற்றில் ஒரு ரூபாய்க் குற்றியை நிமிர்த்தி வைத்தார்,
அது விழவில்லை.
'அண்ணையோ கண்டுபிடிச்சவர்?'
கட்டைவிரலைக் காட்டினேன்.
கொப்புளம் அப்போதும் வற்றியிருக்கவில்லை.
அவர் கூலி வாங்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

திரும்பி வருகையில் கொக்குவிலில் கடவை விழுந்தது.
ஓட்டோக்கள், சைக்கிள்கள், மீன்பெட்டி கட்டிய ஒரு மோட்டார்சைக்கிள்.
ஸ்ரியரிங்கில் கை வைத்தேன், ஒன்றும் இல்லை.
போத்தல் தண்ணீர் ஆடவில்லை.
இவ்வளவு அமைதிக்கு எனக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.
நின்றுபோயிற்று என்று பயந்து
சாவியை மறுபடி முறுக்கினேன்.

கிரீச் என்று அது அலறியது,
ஓடிக்கொண்டிருந்த எஞ்சின்.
கடவை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.
பின்சீற்றில் சின்னவள் சொன்னாள்:
'அம்மா, அதை நித்திரையால எழுப்பாதேங்கோ.'