எழுநூறு மீற்றர்

கூட்டுறவுச் சங்கச் சீட்டிழுப்பில்
இரண்டாம் பரிசாய் விழுந்தது மலைச் சைக்கிள்.
முதற் பரிசு பிறிட்ஜ்
மூளாய்க்குப் போயிற்று.

யாழ்ப்பாணத்தில் ஏது மலை?
கீரிமலை என்று ஒன்று இருக்கிறது.
அங்கேயும் படிக்கட்டு
கேணிக்குள் கீழேதான் இறங்குகிறது.

ஆனாலும் இரண்டு வருசம் ஓடினேன்,
முதலை முதுகு மாதிரிக் கட்டை கட்டையாய்ப் பல்லு வைத்த
அந்த ரயர்களோடு.
கரியரில் ஐஸ் பெட்டி.
பெட்டிக்குள் ஒன்பது போத்தல் கிணற்றுத் தண்ணீர்.
ஒவ்வொன்றிலும் என் கையெழுத்தில்
கிணற்றின் இலக்கம், அள்ளிய நேரம், வீட்டுக்காரர் பெயர்.
பதினொன்றரைக்குள் ஆய்வுகூடம் போகவேணும்.
பிந்தினால் அது வெறும் தண்ணீர்.

தார் றோட்டில் ஊ என்று ஓர் இரைச்சல்,
குளவிக்கூட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு போவதுபோல.
கோண்டாவில் ஒழுங்கைகளில்
நான் வருமுன்னமே படலை திறக்கும்.
‘தண்ணிப் பிள்ளை வருது.’
நாற்பத்து மூன்று வயதில் என்னைப் பிள்ளையாக்கியது
அந்த இரைச்சல்தான்.
உழக்குவதில் பாதி எனக்கு,
பாதி அந்தப் பற்களுக்கு.

பற்கள் முள்ளைத் தடுக்கும் என்றிருந்தேன்.
பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள பள்ளம்
முள்ளுக்குத் திறந்துவைத்த வாசல்.
ஆவணியில் மட்டும் ஐந்து ஒட்டு:
உடைமுள்.
வேலி அடைத்தவன் விட்டுப்போன கம்பி நறுக்கு.
போத்தல் ஓடு.
திரும்பவும் உடைமுள்.
ஐந்தாவது, நகக்கண் அளவில் ஓர் இரும்பு,
விளிம்பு உருகி, நீலம் பாரித்து.
என்னவென்று ஒட்டுகிற பெடியன் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
பழைய போல்ஸ் கிடந்த பேணிக்குள்
டங் என்று போட்டான்.

ஸ்ரான்லி வீதிக் கடையில்
மூன்று ரயர் இறக்கிக் காட்டினான் றெக்சன்.
ஒன்று மெல்லிசு, சுண்டுவிரலில் தூக்கலாம்.
‘பறக்கும் அக்கா.’
பறந்து எங்கே போக,
பின்னுக்கு ஒன்பது கிணறு இருக்கிறது.
மற்றது நடுவில் மொழுமொழுப்பு, ஓரங்களில் பல்லு.
இரண்டு பக்கத்துக்கும் நல்ல பிள்ளை.
அப்படியானவர்களைக் கந்தோரில்
தேவைக்கு மேலே பார்த்தாயிற்று.

மூன்றாவது பாரம்.
இருபத்தாறு இஞ்சி, ஒன்றரை அகலம், முழு வழுக்கை.
தோலுக்கும் நூலுக்கும் நடுவே
கச்சான் பருப்புத் தடிப்பில் ஒரு மஞ்சள் றப்பர்ப் பட்டை.
வெட்டிவைத்த துண்டொன்றைத் தந்து
குண்டூசியால் குத்தச் சொன்னான்.
குத்தினேன். ஊசி வளைந்தது.
விலையைக் கேட்டேன். நான் வளைந்தேன்.

பில் கொப்பியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன்.
ஒருநாள் ஓட்டம் பதினேழு கிலோமீற்றர்.
அதில் தார் பதினாலு.
கொங்கிறீற் ஒழுங்கை இரண்டே கால்.
செம்மண், ஊரெழுத் தோட்டங்களுக்குள்ளே,
எழுநூறு மீற்றர்.
இந்த எழுநூறு மீற்றருக்காகவா
பதினாறு கிலோமீற்றரையும்
பல்லைக் கடித்துக்கொண்டு போனேன்?

‘மாரிக்கு வழுக்கும்’ என்றான்,
காசை எண்ணி முடித்தபிறகு.
‘இறங்கி நடப்பன்.’

இப்போது சத்தமில்லை.
படலையில் நின்று மணி அடிக்கவேண்டியிருக்கிறது.
நாய்கள் ஆளைக் கண்டபிறகு
வெட்கப்பட்டுக் குரைக்கின்றன.
மணலில் என் தடம்
சாரைப்பாம்பு போன மாதிரி ஒற்றைக் கோடு.
பத்து நிமிசம் மிச்சம்.
அதை ஒரு பிளேன்ரீயாய்க் குடிக்கிறேன்
சந்திக் கடையில், நின்றபடி.
புரட்டாதியில் ஓர் ஒட்டும் இல்லை.
ஐப்பசியிலும் இல்லை.

கார்த்திகை.
இரவு முழுக்க மழை.
ஊரெழுவில் நேரம் பதினொன்று பத்து.
நடப்பன் என்றவள் இறங்கவில்லை.

செம்மண் முன்சில்லைக் கையிலிருந்து வாங்கி
அங்கால் வைத்தது.
என்னை மரவள்ளிப் பாத்திக்குள் இருத்தியது.
பெட்டியில் ஏழு போத்தல் தப்பின.
இரண்டு மூடி கழன்று பாத்தி குடித்தது,
நாலாம் இலக்கமும் ஆறாம் இலக்கமும்.
நாளைக்குத் திரும்ப அள்ளவேணும்.

இருந்த இடத்திலிருந்தே
சேற்றுக் கையால் ரயரை அமத்திப் பார்த்தேன்.
காத்து, கல்லுப் போல.