புழு தின்ற இடங்கள்

காட்பாடி சாலையில் மேம்பாலம் ஏறுமுன் என் கடை.
பெயர்ப்பலகை, ஷீல்டு, கல்யாண போர்டு.
நாள் முழுக்க யாரோ இருவர் பெயரை
ஓர் இதயத்துக்குள் வெட்டுகிறேன்.
அந்தப் புகையில்தான் பைக் கடன் அடைகிறது.

பெர்சிஸ் வந்தது மே மாதம்.
வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை,
மூன்று மணிக்கு மெஷினே கத்தும்
தண்ணீர் சூடாகிவிட்டதென்று.

ஒரு தாளை விரித்தாள். மசிக்கோட்டில் ஆவாரை.
பாலாற்றுப் பாலத்தடியில் உட்கார்ந்து வரைந்தது.
கணு, காம்பு, இணையிணையாய்ச் சிற்றிலை,
காய் வெடித்த இடத்தில் ஒரு சுருள்.
பூ மட்டும் இல்லை.
பக்கத்தில் ஒரு துண்டுத் தோலை வைத்தாள்.
"இதில் வெட்டணும்."

நான் ராணிப்பேட்டையில் பிறந்தவன்.
மூக்குதான் என் முதல் சர்டிபிகேட்.
முகர்ந்தேன். ஓரத்தில் நீலம். குரோம் தோல்.
"இதில் லேசர் விட்டால் வரும் புகை
நம் ரெண்டு பேருக்கும் ஆகாது."
"ஆற்றுக்கு மட்டும் ஆகுமா?"
என்னைக் கேட்டது போலவும் இல்லை.
தோலைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பத்து நாள் கழித்து வேறு தோல்.
தேன் நிறம். ஈர மரமும் துவர்ப்பும் கலந்த வாசனை.
"என்ன போட்டுப் பதனிட்டது?"
"ஆவாரம்பட்டை."
ஆவாரை குடித்த தோலில் ஆவாரையை வெட்டச் சொல்கிறாள்.
என் ரேட் கார்டில் இதற்கெல்லாம் வரி கிடையாது.

ஸ்கேன் செய்து கோடாக்கினேன்.
இலைகளில் இருபத்தேழு ஓட்டை,
அழுக்கென்று நினைத்து எல்லாவற்றையும் அடைத்தேன்.
கடித்த விளிம்புகளைச் சீவி நேராக்கினேன்.
கல்யாண போர்டுக்குச் செய்வதுபோல
செடியை அலங்கரித்து நிறுத்தினேன்.

திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"புழுவைக் காணோமே."
"எந்தப் புழு?"
"தின்றது. மூணு நாள் கூடவே உட்கார்ந்திருந்தேன்.
மஞ்சள் பட்டாம்பூச்சியோட புழு.
அது வெட்டினதுக்கு அப்புறம்தான் நீங்க."

கண்ட்ரோல் இசட். கண்ட்ரோல் இசட்.
இருபத்தேழையும் திறந்துவிட்டேன்.

சிவப்புப் புள்ளி முதலில் விளிம்பைச் சுற்றி
ஒத்திகை பார்க்கும். பிறகு நிஜம்.
வரைந்த கோட்டுக்கு அகலமில்லை,
வெட்டும் கோட்டுக்கு உண்டு, முடியளவு.
அந்த முடியளவு தோல் எங்கே போகிறது என்றாள்.
எக்ஸாஸ்ட் குழாயைக் காட்டினேன்.
சந்துக்குள் போய், குழாய் வாயருகே நின்று
முகர்ந்துவிட்டு வந்தாள்.

பாதியில் கரண்ட் போனது.
திரும்ப வந்தபோது ஒரு காம்பு
அரை மில்லி தள்ளி விழுந்தது.
"வேற தோல் இருக்கா?"
"இல்ல."
கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்:
"காற்றடிச்சதுன்னு வெச்சுக்கலாம்."

பின்னால் மஞ்சள் தீட்டிய தாளை ஒட்டுவாளாம்.
புழு தின்ற இடங்களில் பூ தெரியும்.
தோலுக்கடியில் தாளைப் பிடித்துக் காட்டினாள்.
தெரிந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை,
ஜிஎஸ்டி பில் வேண்டுமா என்று மட்டும் கேட்டேன்.

விழுந்த துணுக்குகளும் வேண்டும் என்றாள்.
இடுக்கியால் பொறுக்கி
மாத்திரை உறையில் போட்டுக் கொடுத்தேன்.
எண்ணினாள். இருபத்தாறு.

அன்று ராத்திரி மறுபடியும் ஓர் இதயம்,
ஜெயப்பிரியா வெட்ஸ் தினகரன்.
தட்டைக் கவிழ்த்தபோது வந்தது இருபத்தேழாவது.
அரிசியளவு, ஓரம் கருகி,
ஒரு பக்கம் லேசாய் வளைந்து.

போன் செய்தேன். எடுக்கவில்லை.
மவுஸுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.
ஃபேன் போட்டால்
கொஞ்சம் நகர்கிறது.