ஒன்பதாவது காசு

ஊத்தான் மெலிந்தாங் கடைத்தெருவில்
அடகுக் கடைக் கம்பிக்குப் பின்னால் இருப்பவன் நான்.
பதினோரு வருடம், உரைகல், அமிலக் குப்பி.
முகம் பார்ப்பதில்லை, கை பார்ப்பேன்:
எதைத் தள்ளுகிறது,
எதைத் தடவிவிட்டுத் தள்ளுகிறது.

பவளக்கொடி, தந்தை பெயர் மாசிலாமணி,
மீன் பொட்டலம்போல நாளிதழில் சுற்றிக் கொண்டுவந்தாள்.
காசுமாலை. ஒன்பது காசு.
தாடிக்கார ராஜா ஆறு,
முக்காடு போட்ட ராணி இரண்டு.
கித்தாப்பால் இவர்கள் பெயரில்தான் கப்பலேறியது.
ஒன்பதாவது ஆள் மழித்த முகம்,
தலையில் இலை,
விளிம்புகூட ஒழுங்கான வட்டமில்லை.

"இது யாரு?"
"தெரியல. கூடவே வந்துச்சு,
கல்யாணத்துல சாப்பிட வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி.
இவரை மட்டும் வைங்க. மத்தது மருமகளுக்கு."

கல்லில் இழுத்த கோடு
அமிலத்துக்கு அசையவில்லை.
தராசில் ஏழு புள்ளி ஏழு:
சவரனைவிட எடை குறைவு, மாற்று அதிகம்.

பூதக்கண்ணாடியில்தான் தெரிந்தது அந்த வெட்டு.
காதிலிருந்து கழுத்துவரை, சாய்வாக, ஒரே உளி.
கீழே விழுந்த கீறல் இல்லை.
யாரோ ஒருவன், ஏதோ துறைமுகத்தில்,
மிளகு மூட்டைகளுக்கு நடுவே குந்தி,
உள்ளே செம்பு இருக்குமோ என்று
ரோமாபுரிச் சக்கரவர்த்தியின்
கழுத்தைத் திறந்து பார்த்திருக்கிறான்.
கும்பிடவில்லை.
சுற்றியிருந்த எழுத்தைப் படிக்கவும் தெரிந்திருக்காது.

என் ஆள்.

"ராஜா யாரானாலும் கிராம் கிராம்தான்"
உள்ளேயிருந்து தவுக்கே லிம்.
நான் குரலைத் தாழ்த்தினேன்:
"அக்கா, கோலாலம்பூர்ல காட்டினா
இதுக்குப் பத்து மடங்கு கொடுப்பாங்க."
"பத்து மடங்குன்னா விக்கணும்.
நான் விக்கவா வந்தேன்?
ஐஸ் பெட்டி ரெண்டாயிரத்து நானூறு, பழசு,
நாளைக்கு வேற ஆளுக்குப் போயிரும்."

பேரேட்டில் எழுதினேன்:
பழைய தங்கக் காசு, ஒன்று.
துளை இரண்டு. கழுத்தில் வெட்டு.
சீட்டு எண் 4417. மாதம் இரண்டு வட்டி.
பெயர் கேட்கும் கட்டம் அதில் இல்லை.

ஐந்தாம் மாதம் வந்தாள்.
ஈர நோட்டுகள், இறால் வாசம்;
எண்ணும் இயந்திரம் இரண்டு முறை விக்கி நின்றது.
உறையைப் பிரித்து, உள்ளங்கையில் போட்டு,
வெட்டின்மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தாள்,
அதே காசுதானா என்று.

அவளும்.

மாலையில் கோக்க வெளிச்சத்தில் பிடித்தபோது
சக்கரவர்த்தியின் கன்னத்தில்
ஒரு மீன் செதில்,
ஒட்டிக்கொண்டு மின்னியது.